ரத்தக் குழாயில் கால்சியம் படிவது வெற்றிலைச் சுண்ணாம்பாலா?

காலுக்கு எக்ஸ்ரே எடுத்தபோது அப்பாவின் ரத்தக் குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்திருப்பதாகச் சொன்னார்கள், வெற்றிலைச் சுண்ணாம்பை நிறுத்துவதா பாலை நிறுத்துவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கும், வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்லி அவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து அந்தத் திட்டை முதலில் நிறுத்துங்கள். தின்ற சுண்ணாம்பு நேராகப் போய்க் குழாயில் ஒட்டுவதில்லை. அந்த வேலையைச் செய்பவை குழாய்ச் சுவரில் இருக்கும் உயிருள்ள செல்கள்.

நான் மருத்துவர் இல்லை. மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். ‘டீச்சருக்கு எதுக்கு வைத்தியம்’ என்று எழுத வருகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். நான் யாருக்கும் மருந்து சொல்லவில்லை.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். அம்மாவுக்கு நெடுநாள் சர்க்கரை. அதிலேயே சிறுநீரகம் போனது. டயாலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்டுலா போட வேண்டும், அதாவது தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைக்க வேண்டும். கோயம்புத்தூரில் எக்ஸ்ரேயைப் பார்த்த சர்ஜன், மணிக்கட்டில் போட முடியாது, மேலே முழங்கைப் பக்கம்தான் பார்க்க வேண்டும் என்றார். சாதாரண எக்ஸ்ரேயில் தமனி தெரியாது. அம்மாவின் கையில் எலும்புக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் மாதிரி இரண்டு வெள்ளைக் கோடுகள்.

விஷயம் சொந்தத்தில் பரவியது. ஒரு காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் உறவுக்காரர் ஒருவர் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்: “ஏனுங்க சின்னம்மா, காலமெல்லாம் சுண்ணாம்பத் தடவித் தடவித் தின்னீங்க, அதுதானுங்க ரத்தக் கொழாயில பூசிக்கிச்சு.” அம்மா பதில் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்துவிட்டார். “நானே எனக்குப் பண்ணிக்கிட்டேன் கண்ணு” என்றார். அந்த வார்த்தையைக் கடைசிவரை அவர் விடவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறாதது அதுதான்.

வெற்றிலை பாக்குக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பாக்கு வாய்ப் புற்றுநோய் தரும், புகையிலை தமனியையே கெடுக்கும். அளவுக்கு மீறிச் சுண்ணாம்பு சேர்த்து மென்றவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அம்மாவின் ரத்தக் கால்சியம் எப்போது பார்த்தாலும் டெசிலிட்டருக்கு 8.5 மில்லிகிராமுக்கும் 10.5-க்கும் நடுவில், சரியான அளவில்தான் இருந்தது. ஏறியிருந்தது பாஸ்பரஸ். 4.5-க்குள் இருக்க வேண்டியது 7-ஐத் தாண்டியிருந்தது. கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியவில்லை.

தமனிச் சுவரின் நடு அடுக்கில் மென்தசைச் செல்கள் இருக்கின்றன. சுருங்கி விரிவது அவற்றின் தொழில். ரத்தத்தில் பாஸ்பேட் (பாஸ்பரஸ் ரத்தத்தில் இருக்கும் வடிவம்) கூடும்போது அது இந்தச் செல்களுக்குள் நுழைகிறது. உள்ளே ரன்க்ஸ்2 என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. எலும்பு கட்டும் செல்லை உருவாக்குகிற அதே மரபணுதான். அதன்பின் இந்தச் செல் சுருங்குவதற்கான புரதங்களைக் குறைத்து, எலும்புக்கான புரதங்களைச் செய்யத் தொடங்குகிறது. மிகச்சிறு பைகளை வெளியே தள்ளுகிறது; முதல் படிகம் உருவாவது அந்தப் பைகளில். செத்து உடையும் செல்களின் துண்டுகளிலும் படிகம் பிடிக்கிறது. பிறகு அது எலாஸ்டின் இழைகள் மேல் பரவுகிறது. எலும்பிலும் பல்லிலும் இருக்கும் ஹைட்ராக்ஸிஅபடைட் வகைத் தாது அது. தமனிச் சுவரில் நிஜமான எலும்பே உருவாவதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ குறித்து வைத்தார். 1993-இல் மனிதத் தமனியின் கொழுப்புத் திட்டுகளில் எலும்பு வளரச் செய்யும் பிஎம்பி-2 என்ற புரதத்தைக் கண்டார்கள். அந்தத் திட்டுகளில் அழற்சியைக் கிளப்பும் மேக்ரோஃபேஜ் செல்களுக்கும் இதில் பங்கு உண்டு. சர்க்கரைக்காரர்களின் கால் தமனியில் பெரும்பாலும் நடப்பது நடு அடுக்கில் படியும் வகை.

எல்லோருடைய ரத்தத்திலும் கால்சியமும் பாஸ்பேட்டும் ஓடுகின்றன. பிறகு ஏன் எல்லோருக்கும் படிவதில்லை? காவல் இருக்கிறது. மேட்ரிக்ஸ் ஜிஎல்ஏ புரதத்தை இந்த மென்தசைச் செல்களே செய்கின்றன; அது வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். பைரோபாஸ்பேட் இன்னொன்று. கல்லீரல் அனுப்பும் ஃபெட்யூயின்-ஏ வேறொன்று. 1997-இல் அந்த ஜிஎல்ஏ புரதத்துக்கான மரபணுவை நீக்கி எலிகளை வளர்த்தார்கள். அவற்றின் தமனி முழுக்கக் கால்சியம் ஏறி, வெடித்து, இரண்டு மாதத்துக்குள் செத்துப்போயின. அந்த எலிகள் எந்தச் சுண்ணாம்பைத் தின்றன? பந்தியில் பேசியவரிடம் கேட்க நினைத்து, அம்மாவுக்காகக் கேட்காமல் விட்டேன்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மருந்து வைட்டமின் கே-யைத் தடுப்பதால் இந்தப் படிவைக் கூட்டக்கூடும். இதைப் படித்துவிட்டு யாராவது வார்ஃபரினை நிறுத்தினால் ரத்தம் உறைந்து உயிர் போகலாம். மருத்துவரிடம் கேளுங்கள்.

பந்திப் பேச்சு அதோடு முடியவில்லை. சாப்பாட்டோடு போடச் சொன்ன மாத்திரையின் அட்டையில் கால்சியம் அசிட்டேட் என்று இருந்தது. இதுவும் படியும் என்று பயந்து அம்மா யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். உணவில் இருக்கும் பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து வைக்கத்தான் அந்த மாத்திரை. பாஸ்பரஸ் இன்னும் ஏறியது. ஏற்கெனவே தமனியில் படிவு உள்ளவர்களுக்குக் கால்சியம் சேர்ந்த மாத்திரையின் அளவைக் குறைப்பது உண்மைதான். அதைச் செய்ய வேண்டியவர் சிறுநீரக மருத்துவர். அவர் பிறகு செவலமர் என்ற கால்சியம் இல்லாத மாத்திரைக்கு மாற்றினார்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றினாலும். டயாலிசிஸ் நடந்த இடத்தில் உணவுப் பட்டியலை மலையாளத்தில் மட்டும் கொடுத்தார்கள். எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்த காலம் முதல் இங்கே தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறோம். அம்மா தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். வரிசையில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் தமிழ்க்காரர்கள். தமிழில் ஒரு தாள் அச்சடிக்கக் கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் நானே கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். குளிர்பானத்திலும் பாக்கெட் தின்பண்டத்திலும் சேர்க்கும் பாஸ்பேட் உடம்பில் பெரும்பகுதி ஏறிவிடும், பருப்பில் இருப்பது அவ்வளவு ஏறாது என்பதெல்லாம் தெரியாமல், அந்த மனிதர்கள் பருப்பை ஒதுக்கிவிட்டு பாக்கெட் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள்.

உங்கள் அப்பாவின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் பாலை நிறுத்தத் தேவை இருக்காது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகையிலை மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கும். ரத்தத்தில் கிரியாட்டினின், பாஸ்பரஸ், பிடிஎச் (பாராதைராய்டு ஹார்மோன்) பார்த்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கால் தமனி கெட்டிப்பட்டிருந்தால் கணுக்காலில் பட்டை கட்டி எடுக்கும் அழுத்தம் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். ‘எல்லாம் நார்மல்’ என்று அனுப்பிவிட்டால் கால் விரலில் எடுக்கும் அழுத்தச் சோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அவர் காலில் ஆறாத புண் ஏதும் இருந்தால் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே கூட்டிப்போய்விடுங்கள்.