ஒலிப்பதிவு கேள்வி-பதில்: உறுமுவது இடது பக்கம்

அமெரிக்க மலைத் திருவிழாக்களில் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) பாடகர்கள் ஓடைக்கரையில் ஒரு கித்தாரோடு உட்கார்ந்து பாடும் பதிவுகளை விரும்பிக் கேட்கிறேன். மேடைப் பாட்டைவிட அது மனத்தைப் பிடிக்கிறதே, ஏன்? தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் நம் உறுமிக் குழுக்களை அப்படிப் பதிவு செய்யலாமா?
- வாசகி, ஆயர் ஈத்தாம்

அம்மா, இருபத்திரண்டு வருடமாகப் பினாங்கில் ஒலிப்பதிவு செய்கிறேன். இப்படி ஒரு கடிதம் வராதா என்று ஏங்கியிருக்கிறேன்.

மேடையில் நிற்பவர் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடுகிறார். ஓடைக்கரையில் எதிரே இருப்பது இரண்டு பேர். குரல் தானாக இறங்கிவிடும். மூச்சு வாங்குவதும் கம்பியில் விரல் வழுக்குவதும் பதிவில் விழும். மைக்கைப் பாதித் தூரத்துக்கு நகர்த்தினால் பாட்டின் ஒலி 6 டெசிபல் கூடும். சுற்றுச் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். ஆனால் அவ்வளவு கிட்டே உட்கார விடுவதற்கு அவர் உங்களை நம்ப வேண்டும்.

அமெரிக்காவின் கொலராடோவில் டெல்லுரைட் என்ற ஊர் 8,750 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் அங்கே புளூகிராஸ் (கன்ட்ரிக்கு நெருங்கிய, கம்பிக் கருவிகளின் இசை) விழா. காற்று வறண்டு கிடப்பதால் மரம் சுருங்கி, கித்தாரின் மேற்பலகை அமிழ்ந்து, கம்பி உரசி இரையும். அதற்காகப் பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைக்கிறார்கள். நமக்கு நேர்மாறு. பினாங்கின் ஈரக்காற்றில் ஆட்டுத்தோல் தளர்ந்து உறுமியின் குரல் குழைந்துவிடும். நம் குழுவினர் தோலைக் காய்ச்சி இழுக்கும்வரை பொறுத்திருங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

தைப்பூசத்தன்று மட்டும் வேண்டாம் அம்மா. தண்ணீர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி அலறும். அதைவிட முக்கியம், 513 படி ஏறப்போகும் காவடிக்காரருக்காக அடிக்கும் அடி அது. அதை நிறுத்தி "இன்னொரு தடவை அடிங்க" என்று கேட்க நமக்கு உரிமையில்லை.

கூட்டம் வடிந்த பிறகு போங்கள். ஒரு வருடம் அப்படித்தான், மலையடியில் மரத்தின் கீழ் களைப்பாற உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். சம்மதித்தார். நான் மைக்கை அவருக்கு நேர் எதிரே வைத்தேன். கேட்டுப் பார்த்தால் வலப்பக்கத்துக் குச்சியின் பட்பட் மட்டும்தான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இடது பக்கமா வாங்க. உறுமுறது இந்தப் பக்கம்தான்" என்றார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும் அந்தப் பக்கத்துக்கு, ஒரு முழ தூரத்தில் மைக்கைக் கொண்டுபோனேன். அப்புறம் வந்தது ஒலி! வயிற்றுக்குள் இறங்கியது. நடுவில் தூறல் விழுந்தது, சில்வண்டு கத்தியது. அவர் நிறுத்தவில்லை. முணுமுணுப்பாக ஒரு காவடிச்சிந்தும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சில்வண்டை நான் இன்றுவரை பதிவிலிருந்து எடுக்கவில்லை.

கைப்பேசி போதுமா? நல்ல கருவி வாங்க வேண்டுமா?
- வாசகர், பட்டர்வொர்த்

கைப்பேசியில் தொடங்கலாம். ஆனால் அது சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும். மேளம் ஓங்கும்போது அமுங்கிப்போகும். கையளவு ரெக்கார்டர் ஒன்று வாங்கினால் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து, உச்ச அடி கருவியின் அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பதிவு அளவை வையுங்கள். தாழ்வொலியை வெட்டும் பொத்தான் பாட்டுக்குச் சரி. உறுமிக்கு அதைத் தொடவே வேண்டாம், உறுமலே போய்விடும். படமும் தனியாக எடுக்கிறீர்களென்றால் தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டுங்கள், பிறகு இரண்டையும் பொருத்த உதவும்.

மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் ரோமச் சட்டை கட்டாயம். பினாங்கு மலையில் ஒரு மணி நேர பஜனையைக் காற்றிரைச்சலுக்குப் பறிகொடுத்தவன் நான். ஹெட்போன் மாட்டாமலே பதிவு செய்துவிட்டேன். பாடியவர்களில் ஒரு பாட்டி இப்போது இல்லை.

கலைஞர்களுக்குப் பணம் தர வேண்டுமா? விளம்பரம் கிடைக்கிறதே என்கிறார் நண்பர்.
- வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

தரவேண்டும். 1927இல் விக்டர் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர், டென்னசி-வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் நகருக்குப் பதிவுக் கருவியோடு போனார். கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானது அங்கேதான். ஒரு பாட்டுக்கு 50 டாலர், கையோடு. ஏற்கெனவே பாடிச் சம்பாதித்த ஒருவரின் வருமானம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்ததும் மலை ஊர்களிலிருந்து பாடகர்கள் திரண்டு வந்தார்கள். மலைக்காரர்கள் விளம்பரத்துக்காகப் பாடினார்கள் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்பதை மைக்கை எடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். எங்கே வெளியிடப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பிரதியைக் குழுத் தலைவரிடம் கொடுத்து, அவர் முழுக்கக் கேட்டு முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். பதிவில் ஓர் இடம் வேண்டாம் என்று அவர் சொன்னால், அது உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் வெட்டிவிடுங்கள்.