தூரத்துல இருக்கிற அசிஸ்டென்ட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சின்னதா ஆன்லைன் பிசினஸ் நடத்துறேன். மெயில், கஸ்டமர் மெசேஜ், பில் போடுறதுக்கெல்லாம் வீட்ல இருந்தே வேலை பாக்குற ஒரு அசிஸ்டென்ட் இருக்காங்க, நேர்ல பாத்ததில்ல. நல்ல பொண்ணுதான், ஆனா ஒவ்வொன்னுக்கும் "மேடம் என்ன பதில் போடட்டும்"னு கேக்குறாங்க, நானே செஞ்சிடலாம்னு ஆயிடுது. ஸ்க்ரீனை கண்காணிக்கிற சாஃப்ட்வேர் போடலாமா?

பதில்: வேணாங்க. அவங்க வேலை செய்யலைன்னு நீங்க சொல்லவே இல்லையே, கேக்குறாங்கன்னுதான சொல்றீங்க. கேக்குறவங்களை கண்காணிச்சா பயந்துபோய் இன்னும் அதிகமாதான் கேப்பாங்க.

எதெல்லாம் அவங்களே முடிவு பண்ணலாம்னு நீங்க இன்னும் சொல்லல, அதான் பிரச்சனைன்னு நினைக்கிறேன். பக்கத்து சீட்ல உக்காந்திருந்தா நீங்க ஃபோன்ல பேசுறது காதுல விழுந்தே பாதி கத்துக்குவாங்க, எங்க விட்டுக்கொடுப்பீங்க எங்க கறாரா இருப்பீங்கன்னு, தூரத்துல இருக்கறவங்களுக்கு அதுக்கு வழியே இல்ல, எழுதித்தான் கொடுக்கணும். இப்படி எழுதுங்க: பொருள் உடைஞ்சு வந்துச்சுன்னு போட்டோ அனுப்பினா என்னைக் கேக்காம உடனே மாத்தி அனுப்பிடுங்க. பணம் திருப்பிக் கேட்டா இன்ன தொகை வரைக்கும் நீங்களே கொடுங்க, அதுக்கு மேல போனா என்கிட்ட வாங்க. வக்கீல், கேஸுன்னு யாராவது ஆரம்பிச்சா பதிலே போடாம எனக்கு ஃபோன் அடிங்க.

இதுல வராத கேள்விகளும் வரும், வரட்டும். ஆனா வெறும் கேள்வியா வேணாம், "இதான் விஷயம், நான் இப்படி செய்யலாம்னு இருக்கேன், சரியா"ன்னு கேக்கச் சொல்லுங்க. நீங்க பதில் சொல்லும்போது ஏன்னு காரணத்தையும் சேத்து சொல்லுங்க, அதை ஒரு கூகுள் டாக்ல அவங்களையே எழுத வைங்க, எழுதினதைப் படிச்சாதான் என்ன புரிஞ்சிக்கிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். பில் போடுற மாதிரி வேலைக்கு, நீங்க ஒரு தடவை வாய்விட்டு சொல்லிக்கிட்டே செஞ்சு ஸ்க்ரீனை ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடுங்க, நாலு பக்கம் டைப் பண்றதை விட அது மேல்.

ஒன்னே ஒன்னு முக்கியம். நீங்க கொடுத்த எல்லைக்குள்ள அவங்க ஒரு முடிவு எடுத்து அது உங்களுக்குப் பிடிக்கலைன்னா தயவுசெஞ்சு திட்டாதீங்க, எல்லையை மாத்தி எழுதுங்க. ஒரு தடவை திட்டிட்டீங்கன்னா மறுநாளே "மேடம் என்ன பண்ணட்டும்" திரும்ப வந்துடும்.

கேள்வி: என் ஜிமெயில் பாஸ்வேர்டை அசிஸ்டென்ட்டுக்கு கொடுத்திருக்கேன், ஓடிபி வரும்போதெல்லாம் கூப்பிடுறார். பரவாயில்லையா?

பதில்: உடனே மாத்திடுங்க. ஜிமெயில் செட்டிங்ஸ்ல இன்னொருத்தருக்கு உங்க மெயிலைப் பாக்க அனுமதி கொடுக்குற வசதி இருக்கு, அவர் தன்னோட அக்கவுண்ட்ல இருந்தே உங்க மெயிலைப் படிப்பார், அனுப்புவார், டெலீட்டும் பண்ண முடியும், ஆனா உங்க பாஸ்வேர்டை மாத்த முடியாது, ஓடிபி தொல்லையும் இல்ல. கேலண்டரையும் இதே மாதிரி ஷேர் பண்ணலாம். பேங்க் பாஸ்வேர்ட், ஓடிபி மட்டும் எவ்ளோ நம்பிக்கையானவரா இருந்தாலும் கூடாது. பேங்க்ல ஒருத்தர் பேமென்ட் ரெடி பண்ண இன்னொருத்தர் அப்ரூவ் பண்ற வசதி இருந்தா அதைக் கேட்டு வாங்குங்க. இதெல்லாம் அவருக்கும் நல்லது, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவர் மேல சந்தேகம் வராது. எதெதுக்கு அனுமதி கொடுத்திருக்கீங்கன்னு ஒரு லிஸ்ட் வெச்சுக்குங்க, வேலையை விட்டுப் போற அன்னிக்கே எல்லாத்தையும் எடுத்துடலாம்.

கேள்வி: அசிஸ்டென்ட் வேற நாட்டுல இருக்காங்க, மீட்டிங் நேரம் அடிக்கடி குழம்புது.

பதில்: மனக்கணக்கு வேணாம், எல்லா மீட்டிங்கையும் ரெண்டு பேரும் ஷேர் பண்ற கேலண்டர்ல போடுங்க, அவங்கவங்க ஊர் நேரத்துல தானா காட்டும். சில நாடுகள்ல வருஷத்துக்கு 2 தடவை கடிகாரத்தை 1 மணி நேரம் மாத்துவாங்க, அந்த வாரத்துலதான் பெரும்பாலும் குழம்பும், முன்னாடியே ஒரு மெசேஜ் போட்டு உறுதி பண்ணிக்குங்க.