ரெடிமேட் வீடு: முதலில் அனுமதியா, அட்வான்ஸா?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் புஞ்சைக் காடு இருக்குதுங்க. பழைய சாளைக்கு (காட்டில் இருக்கிற குடிலுக்கு) பக்கத்திலேயே 750 சதுர அடியில், ஸ்டீல் ஃபிரேமில் பேனல் மாட்டுகிற ரெடிமேட் வீடு போடலாம் என்று இருக்கிறோம். கம்பெனிக்காரர், "இது கட்டிடமே இல்லைங்க, போல்ட்டைக் கழற்றினால் லாரியில் ஏத்திக்கலாம், அனுமதியெல்லாம் வேண்டாம், பாதிப் பணம் கட்டுங்க" என்கிறார். ஊராட்சியில் கேட்டால் பிளான் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். யார் சொல்வது சரி?
(பல்லடம் வாசகர்)

பதில்: ஊராட்சியில் சொன்னதுதான் சரிங்க. அட்வான்ஸ் பணம் இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும்.

சுவர் செங்கல்லா பேனலா என்று சட்டம் பார்ப்பதில்லை. 1971-ம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில், நிலத்தின் மேலேயோ அடியிலேயோ செய்கிற கட்டுமான வேலை எல்லாமே அனுமதி வேண்டிய 'மேம்பாடு' என்ற கணக்கில் வந்துவிடும். அதற்கும் ரொம்ப முன்னால், 1920 நகராட்சிகள் சட்டத்திலேயே மரம், மண், உலோகம் எதில் போட்டாலும், குடிசை கொட்டகை உட்பட, அது கட்டிடம்தான் என்று எழுதி வைத்துவிட்டார்கள். வேலை நடக்கிற இடத்தில் ஆபீஸுக்கும் ஆட்கள் தங்கவும் தற்காலிகமாகப் போடுகிற கேபினை மனதில் வைத்து கம்பெனிக்காரர் பேசியிருக்கலாம். நீங்கள் செப்டிக் டேங்க், கரண்ட் எல்லாம் வைத்துக் குடியிருக்கப் போகிறீர்கள், அந்தப் பேச்சு இங்கே செல்லாது.

இந்த மாதிரி வீட்டில் அனுமதி முன்னால் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, விற்கிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். செங்கல் வீட்டில் "பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் விடு" என்று அதிகாரி சொன்னால் கொத்தனார் நூலை நகர்த்திக் கட்டிவிடுவார். இதில் ஃபிரேமும் பேனலும் ஃபேக்டரியிலேயே அளவாக வெட்டி வருகிறது, வெட்டின பிறகு அரை அடி குறைக்கச் சொன்னாலும் அந்த நஷ்டம் உங்களுடையது. அதனால் ஒப்பந்தத்தில் வரைபடத்துக்கு மட்டும் ஒரு சிறு தொகை, அனுமதி கைக்கு வந்த பிறகே உற்பத்திக்கான பணம், அனுமதி மறுத்தால் மீதி பாக்கி எதுவும் கிடையாது என்று எழுதி வாங்குங்கள். ஒத்துக்கொள்ளாத கம்பெனி வேண்டாம்.

சரி, நிலத்துக்கு வருவோம். என் அனுபவத்தில் நம் பக்கம் விண்ணப்பம் சிக்குவது வீட்டால் அல்ல, நிலத்துப் பேப்பரால்தான். பட்டா உங்கள் ஒருவர் பேரில் இருக்கிறதா, இல்லை பங்காளிகள் எல்லார் பேரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவா? கூட்டு என்றால் முதலில் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள், இல்லாவிட்டால் எல்லார் சம்மதமும் கேட்பார்கள், அப்புறம் உங்கள் வீட்டுப் பிளானை வைத்து அவர்கள் பழைய கணக்கையெல்லாம் பேச ஆரம்பிப்பார்கள். அடுத்தது தடம். பத்திரத்தில் "மாமூல் வண்டித்தடப் பாத்தியம்" (வழக்கமாக வண்டி போய்வருகிற வழி உரிமை) என்று ஒரு வரி இருக்கலாம், சர்வே எண்ணுக்கான புல வரைபடத்தில் அந்தத் தடம் இருக்கிறதா, எத்தனை அடி அகலம் என்று சர்வேயரை வைத்துப் பார்த்துவிடுங்கள். இட்டேரி (இரண்டு பக்கமும் வேலி உள்ள குறுகலான வழி) வழியாகத்தான் போக முடியும் என்றால் அனுமதிக்கும் இடைஞ்சல், பேனல் லாரிக்கும் இடைஞ்சல். காடு மாஸ்டர் பிளானுக்குள் வருகிறதா, வந்தால் எந்த உபயோக மண்டலம் (குடியிருப்பா, விவசாயமா) என்பதையும் உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் கேளுங்கள். உங்களுடையது புஞ்சை என்பது நல்லது. நஞ்சை என்றால் கலெக்டர் ஒப்புதல் வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் (உரிமையாளரே உறுதி கொடுத்து வாங்குவது) உடனே அனுமதி கிடைக்குமே என்று யாராவது சொல்வார்கள். அது 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டுகிற வீட்டுக்கு. அதற்காக நாலு ஏக்கரில் 2,500 சதுர அடியை வெட்டித் தனிப் பத்திரம் போட்டுவிடாதீர்கள், அங்கீகாரம் இல்லாத மனை ஆகிவிடும். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அப்படி விற்ற மனைக்கு அங்கீகாரமில்லாத மனைகளைச் சரிசெய்து தருகிற வரன்முறைத் திட்டத்திலும் இடமில்லை. நீங்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் சாதாரண விண்ணப்பமாகவே போடுங்கள்.

கம்பெனி கொடுக்கிற கலர் படம் பிளான் ஆகாது. பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் மனைப்படம், வெட்டுத் தோற்றம், செப்டிக் டேங்க், மழைநீர் சேகரிப்பு எல்லாம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். கம்பெனியிடம் ஃபிரேமின் கட்டமைப்புக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள், குறிப்பாகக் காற்றுக் கணக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அம்மியை நகர்த்துமோ இல்லையோ, லேசான கூரையைத் தூக்கிப் பார்க்கும். கட்டிடத்தின் மேல் விழும் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875-ன் மூன்றாம் பகுதியில் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர். பெங்களூருக்கு 33தான். அங்கே விற்ற டிசைனையே இங்கேயும் தள்ளிவிடுகிறார்களா என்று பாருங்கள். அஸ்திவாரமும் ஆங்கர் போல்ட்டும் பெரும்பாலும் கொட்டேஷனில் இருக்காது, அது உங்கள் செலவு. கரிசல் மண்ணாக இருந்தால் அந்தச் செலவு இன்னும் கூடும்.

கிணற்று மோட்டாருக்கு வருகிற இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுக்க வேண்டாம், வீட்டு இணைப்பு தனியாக வாங்குங்கள்.

கேள்வி: ஆலாந்துறை தாண்டி மலையடிவாரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. பழைய கன்டெய்னர் ஒன்றை இறக்கி வாரக் கடைசியில் தங்கலாமா?
(கோவை வாசகி)

பதில்: அந்தப் பக்கம் பல கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றனம்மா. எல்லாரும் 'ஹாகா' என்பார்களே, அதுதான். உங்கள் கிராமம் பட்டியலில் இருந்தால் அந்த ஒப்புதலும் வேண்டும், சீக்கிரம் கிடைக்கிற விஷயம் இல்லை. அது ஒரு பக்கம். சாதாரண கன்டெய்னருக்கு உள்ளே உயரம் சுமார் 2.39 மீட்டர், உயரமான வகைக்கே 2.69தான். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர் கேட்கிறது, ஏசி அறை என்றால் 2.4. வெயிலுக்கு உள்பக்கம் தெர்மாகோல், பலகை எல்லாம் அடித்தால் இருக்கிற உயரமும் போய்விடும். ஆசை விடவில்லை என்றால் கூரையைத் தனியாக உயர்த்திப் போட ஒரு பொறியாளரைக் கேளுங்கள்.

கேள்வி: ஷெட் வீட்டுக்கு ஐந்து வருடமாக வீட்டு வரி கட்டுகிறோம். ரசீது இருக்கிறதே, அதுவே அனுமதி ஆகாதா?
(காங்கேயம் வாசகர்)

பதில்: ஆகாது. கட்டிடம் இருக்கிறது என்பதால் வரி வாங்குகிறார்கள், அவ்வளவுதான். வங்கியில் கடன் கேட்கப் போனால் முதலில் அனுமதி பெற்ற வரைபடத்தைத்தான் கேட்பார்கள்.