மாமியாரின் புளூ ஜாகரும் கடைக்காரரின் லேப் வைரமும்

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு ஏழு கல் வைரத்தோடு எடுக்கப் போகிறோம். ஒரு கடையில் லேப் வைரம் காட்டினார்கள், விலை சுரங்க வைரத்தில் கால்வாசிகூட இல்லை. இது போலியா? தன் தோடு புளூ ஜாகர், அதுதான் அசல் என்கிறார் மாமியார். பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: போலி இல்லைங்க. அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கிறார்களே, அதுதான் வேறு பொருள், சிர்கோனியம் ஆக்சைடு. லேப் வைரம் ஆய்வகத்தில் வளர்த்தெடுப்பது, ஆனாலும் அதுவும் கார்பன்தான், கடினமும் ஜொலிப்பும் சுரங்க வைரத்துக்கு உள்ளதேதான். வெறும் கண்ணால் பார்த்து உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. கடையில் பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்மேல் வைத்து, பீப் என்றதும் அசல் என்பார்களே, அது கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்று மட்டும் பார்க்கிறது. லேப் வைரத்துக்கும் அதே பீப் வரும்.

வித்தியாசம் பிறந்த விதத்தில் இருக்கிறது. சுரங்க வைரங்களில் பெரும்பாலானவை 150, 200 கிலோமீட்டர் ஆழத்தில், ஆயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலும் பயங்கர அழுத்தத்திலும் உருவாகி, 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே கிடந்தவை. கிம்பர்லைட் என்கிற எரிமலைக் குழம்பு வேகமாகப் பீறிட்டு வரும்போது அவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறது. மெதுவாக ஏறியிருந்தால் வழியிலேயே கிராஃபைட் ஆகியிருக்கும். மிகப் பழைய நிலப்பரப்புகளுக்கு அடியில்தான் இதெல்லாம் நடக்கும், அதனால்தான் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, சைபீரியா, கனடா என்று சில இடங்களில் மட்டும் கிடைக்கிறது. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் சுரங்கம் உண்டு. புகழ்பெற்ற கோல்கொண்டா வைரங்களோ பாறையைக் குடைந்து எடுத்தவை அல்ல, கிருஷ்ணா நதிப் படுகையின் கொல்லூர் போன்ற ஊர்களில் சரளை மண்ணைச் சலித்துப் பொறுக்கியவை.

லேப் வைரத்துக்குச் சில வாரம் போதும். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் உயர் அழுத்த முறையில் செய்து காட்டினார். இன்று சூரத்தில் பெரும்பாலும் சிவிடி முறை: மெல்லிய வைரச் சில்லை விதையாக வைத்து, மீத்தேனையும் ஹைட்ரஜனையும் செலுத்தி, மைக்ரோவேவ் கொடுத்தால் கார்பன் படலம் படலமாக அதன்மேல் படிந்து வளரும்.

இப்போது மாமியாரின் புளூ ஜாகருக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த வியாபாரச் சொல் அது. வெயிலில் கொண்டுபோனால் கல் லேசாக நீலம் அடிக்கும், காரணம் உள்ளே இருக்கும் நைட்ரஜன். முதலில் தனித்தனியாகச் சிக்கிய நைட்ரஜன் அணுக்கள், பூமிக்கடியில் அந்தச் சூட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகள் மெல்ல நகர்ந்து, ஒரு காலியிடத்தைச் சுற்றி மூன்று மூன்றாகச் சேர்ந்த பிறகுதான் புறஊதா ஒளி பட்டால் அப்படி ஒளிரும். சில வாரத்தில் வளர்ந்த கல்லில் அதற்கு நேரமே இல்லை. சோதனைக்கூடக் கருவிகள் தேடுவதும் முக்கியமாக இந்த நைட்ரஜன் தடயத்தைத்தான். அதற்காகக் கடையில் நீல டார்ச் அடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நீலம் அடிக்காத சுரங்க வைரங்களே அதிகம்.

சரி, என்ன செய்யலாம்? ஏழு கல் தோட்டில் ஒவ்வொன்றும் சில சென்ட் (ஒரு காரட்டில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) எடையுள்ள சின்னக் கல், தனித்தனிச் சான்றிதழ் பெரும்பாலும் இருக்காது. பின்பக்கம் மூடிய கட்டில் பதித்துவிட்டால் சோதிப்பதும் கஷ்டம். அதனால் பதிப்பதற்கு முன்பே, உதிரிக் கற்களாகச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். பில்லில் ‘இயற்கை வைரம்’ அல்லது ‘லேப் வைரம்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள், வெறும் ‘வைரம்’ என்றால் விடாதீர்கள்.

மகள் ஆசையாகப் போட்டுக்கொள்ளத்தான் என்றால் நான் லேப் வைரத்தையே சொல்வேன், மிச்சப் பணத்துக்குத் தங்கம் எடுங்கள். ஆனால் நாளைக்கு விற்கலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம், உற்பத்தி பெருகப் பெருக அதன் விலை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அப்புறம், மாமியாரின் தோட்டைப் பாலிஷ் போடவோ கட்டு மாற்றவோ கொடுத்தால், கற்களைக் கழற்றியதும் உங்கள் கண் முன்னால் எடை போட்டு எழுதி வாங்குங்கள், திரும்பி வரும்போதும் அதே எடை இருக்கிறதா பாருங்கள்.