கேள்வி – பதில்: பிற நாட்டு உள்நாட்டுப் போரில் வெளியார் தலையிடலாமா?

கேள்வி: உள்நாட்டுப் போர் என்பது ஒரு நாட்டு மக்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம். வெளிநாடுகள் அதிலிருந்து விலகி நிற்பதுதானே முறை?

பதில்: ஐ.நா. சாசனத்தின் இரண்டாம் உறுப்பு உங்கள் பக்கம்தான் பேசுகிறது. எந்த நாட்டின் மீதும் படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் 4ஆம் பிரிவு. ஒரு நாட்டின் உள்விவகாரத்தில், பாதுகாப்பு அவை அமைதிக்கு ஆபத்து எனக் கண்டு நடவடிக்கை எடுக்கும் நேர்வு தவிர, ஐ.நா.கூடத் தலையிட முடியாது என்பது 7ஆம் பிரிவு. வலிய நாடுகளிடமிருந்து சிறிய நாடுகளைக் காப்பதற்காக எழுப்பப்பட்ட வேலி அது. அதை எளிதாகப் பிடுங்கி எறிய எனக்கு மனமில்லை.

ஆனால், விலகி நிற்பதாகச் சொன்னவர்கள் உண்மையிலேயே விலகி நின்றார்களா என்பதையும் பார்க்க வேண்டும். 1936இல் ஸ்பெயினில் போர் மூண்டபோது ஐரோப்பிய நாடுகள் கூடித் தலையிடாமை உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. அதை மேற்பார்வையிட லண்டனில் ஒரு குழுவும் அமைந்தது. உடன்பாட்டை ஏற்ற ஜெர்மனி, அரசுக்கு எதிராகக் கிளர்ந்த தளபதிகளுக்கு விமானப்படைப் பிரிவையே அனுப்பியது; இத்தாலி பல்லாயிரம் வீரர்களை இறக்கியது; மறுபக்கத்தில் அரசுக்குச் சோவியத் ஒன்றியம் ஆயுதம் தந்தது. தேர்தலில் வென்று ஆட்சியிலிருந்த அரசு பிரிட்டனிடமும் பிரான்சிடமும் வெளிப்படையாக ஆயுதம் வாங்க முடியாமல் தவித்தது. 1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குவெர்னிகா நகரத்தைக் குண்டு வீசி எரித்தபோதும் அந்தத் தலையிடாமைக் குழு லண்டனில் கூடிப் பேசிக்கொண்டுதான் இருந்தது.

1991இல் யூகோஸ்லாவியா முழுமைக்கும் ஐ.நா. விதித்த ஆயுதத் தடையும் அப்படிப்பட்டதே. தாளில் அது எல்லாருக்கும் பொதுவானது. ஆனால் போஸ்னியாவின் செர்பியப் படைகளிடம் பழைய யூகோஸ்லாவிய ராணுவத்தின் பீரங்கிகள் முன்பே இருந்தன. அவற்றின் முற்றுகைக்குள் கிடந்த போஸ்னியத் தலைநகர் சராயேவோவிடம் பீரங்கிகள் இல்லை. ஆகவே, தலையிடலாமா என்று நாம் கேட்கத் தொடங்கும் நேரத்தில் வெளியார் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறார்கள், ஆயுதமாகவும் பணமாகவும் பாதுகாப்பு அவையில் கிடைக்கும் ஆதரவாகவும். எதற்காக உள்ளே இருக்கிறார்கள் என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி.

கேள்வி: நிச்சயமாகத் தலையிட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் கருதும் போர் ஏதேனும் உண்டா?

பதில்: ருவாண்டா. 1990 முதல் அங்கே உள்நாட்டுப் போர் நடந்துவந்தது. 1993 ஆகஸ்ட்டில் தான்சானியாவின் அருஷாவில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. அதை நிறைவேற்ற உதவச் சென்ற ஐ.நா. படையில் சுமார் 2,500 பேர் இருந்தார்கள். படுகொலைக்காக ஆயுதங்கள் பதுக்கப்படுவதை அப்படையின் தளபதி ரோமியோ தலேர் 1994 ஜனவரியிலேயே நியூயார்க்குக்குத் தெரிவித்தார். அவற்றைக் கைப்பற்ற அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

ஏப்ரலில் டுட்சி இனத்தவரை ஹூட்டு தீவிரவாதிகள் கொல்லத் தொடங்கியவுடன் தலைநகர் கிகாலியின் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் ஏறக்குறைய 2,000 பேர் தஞ்சம் புகுந்தார்கள். அங்கே பெல்ஜிய வீரர்கள் ஐ.நா. கொடியின் கீழ் முகாமிட்டிருந்தது ஒன்றே அதற்குக் காரணம். மதிலுக்கு வெளியே வெட்டுக்கத்திகளோடு கொலையாளிகள் காத்திருந்தார்கள். வீரர்கள் இருந்தவரை உள்ளே வரவில்லை. ஏப்ரல் 11 அன்று, வெளிநாட்டவரை மீட்கும் பணிக்காக அந்த வீரர்களுக்குப் புறப்படும் ஆணை வந்தது. மக்கள் ராணுவ வண்டிகளை மறித்தார்கள். வெட்டுக்கத்திக்கு எங்களை விட்டுவிடாமல் நீங்களே சுட்டுவிட்டுப் போங்கள் என்று சிலர் கெஞ்சியதாகத் தப்பியவர்கள் பின்னாளில் கூறியிருக்கிறார்கள். வண்டிகள் வெளியேறின. அன்றே அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள்.

அந்த வாரத்தில் பிரான்ஸும் பெல்ஜியமும் இத்தாலியும் தங்கள் குடிமக்களை அழைத்துச்செல்ல நன்கு பயிற்சி பெற்ற படைகளை அனுப்பியிருந்தன. வேலை முடிந்ததும் அவை திரும்பிவிட்டன. பத்து நாள் கழித்துப் பாதுகாப்பு அவை, ஐ.நா. படையை வலுப்படுத்துவதற்கு மாறாக 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகதிஷுவில் 18 வீரர்களை இழந்திருந்த அமெரிக்கா, நடப்பதை இனப்படுகொலை என்று சொல்லவே தயங்கியது. சுமார் நூறு நாட்களில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கிட்டது.

2000 மே மாதம் சியரா லியோனிலும் இதே நிலை வந்தது. ஐந்நூறு அளவிலான ஐ.நா. வீரர்களைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்துவைத்துக்கொண்டு தலைநகரை மிரட்டினார்கள். வெளிநாட்டவரை மீட்கவே பிரிட்டிஷ் படை அங்கும் வந்தது. ஆனால் மீட்ட பிறகும் திரும்பவில்லை. விமான நிலையத்தைத் தன் வசம் வைத்து, தலைநகரைக் காத்தது. ஐ.நா. படை 17,500 பேர் வரை பெருகியது. கிளர்ச்சியாளர்களுக்குப் பணம் தந்த வைரத்துக்குத் தடை வந்தது. அவர்களுக்கு உதவிய அண்டை நாடான லைபீரியாவின் மீதும் தடைகள் விழுந்தன. 2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தப் போரை ஊட்டி வளர்த்த லைபீரிய அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. துப்பாக்கியைவிட அந்த வைரத் தடைக்கும் லைபீரியா மீதான நெருக்கடிக்குமே நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

கேள்வி: லிபியாவிலும் மக்களைக் காக்கத்தான் போவதாகச் சொன்னார்கள். பிறகு ஆட்சியையே கவிழ்த்துவிட்டார்களே?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 2005 ஐ.நா. உச்சி மாநாட்டில் எல்லா நாடுகளும் ஒரு கடமையை ஏற்றுக்கொண்டன: தன் மக்களை இனப்படுகொலையிலிருந்தும் போர்க்குற்றங்களிலிருந்தும் காக்க ஓர் அரசு வெளிப்படையாகத் தவறினால், பாதுகாப்பு அவை வழியாக உலக நாடுகள் செயல்படும் என்பது அது. 2011 மார்ச் 17 அன்று லிபிய மக்களைக் காக்கப் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் 1973ஆம் எண் தீர்மானம் அந்தக் கடமையைச் சொல்லியே பாதுகாப்பு அவையில் நிறைவேறியது. பத்து நாடுகள் ஆதரித்தன. இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி ஆகிய ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. லிபியத் தலைவர் கடாஃபியின் படைகள் கிளர்ச்சியாளர்கள் வசமிருந்த பெங்காசியை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்நகர மக்களைக் காத்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பின் நடந்ததே தவறு. ஏப்ரலில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தூதுக்குழு போர்நிறுத்தத் திட்டத்தோடு சென்றது. கடாஃபி ஏற்றார், கிளர்ச்சியாளர்கள் மறுத்தார்கள். அவர்களுக்காகக் குண்டு வீசிக்கொண்டிருந்த நேட்டோ கூட்டணி நாடுகள் அவர்களைப் பேச்சுக்கு நெருக்கியிருக்க முடியும். அவ்வாறு செய்யாமல் அக்டோபரில் கடாஃபி கொல்லப்படும் வரை தாக்குதலைத் தொடர்ந்தன.

ஆட்சி விழுந்த பின் அவை நாட்டைக் கட்டியெழுப்பத் தங்கவில்லை. ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டு, அங்கிருந்து போன துப்பாக்கிகள் 2012இல் மாலியின் கிளர்ச்சிக்கும் தீனியாயின; 2014இல் லிபியாவிலேயே மீண்டும் போர் மூண்டது. இன்னொரு பெரும் சேதம் சிரியாவில் நேர்ந்தது. லிபியாவில் நடந்ததைக் காட்டி, 2011 அக்டோபரில் சிரியா அரசைக் கண்டிக்கும் தீர்மானத்தையே ரஷ்யாவும் சீனாவும் ரத்து (வீட்டோ) அதிகாரத்தால் வீழ்த்தின. மக்களைக் காக்கக் கிடைத்த அனுமதியை ஆட்சி மாற்றத்துக்குச் செலவழித்தவர்கள், அடுத்து ஆபத்தில் சிக்கியவர்களுக்கான அனுமதியையும் சேர்த்தே செலவழித்துவிட்டார்கள்.

கேள்வி: இலங்கையில் அமைதிப்படை செய்ததைக் கண்ட பிறகும் ஒரு தமிழர் தலையீட்டை ஆதரிக்க முடியுமா?

பதில்: இக்கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான உடன்பாட்டின்படி அமைதி காக்க வந்த படை, அக்டோபருக்குள் புலிகளோடு போரிடும் படையாகியது. அம்மாதம் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் உயிரிழந்தார்கள். 1990 மார்ச்சில் படை வெளியேறியது. ஜூனில் போர் மறுபடியும் தொடங்கியது. போரிடும் தரப்புகள் மனமார ஒப்பாத உடன்பாட்டைத் துப்பாக்கி முனையில் நடைமுறைப்படுத்தப் போகும் அண்டை வல்லரசு, விரைவிலேயே தானும் ஒரு தரப்பாகிவிடுகிறது.

இருந்தாலும் கதை அங்கே முடியவில்லை. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உறுதி கூற முடியாது என்று அரசு அறிவித்ததும் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியிலிருந்து வெளியேறினார்கள். அலுவலக வாசலில் கூடிய மக்கள் போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். கிகாலியின் பள்ளிக்கூட வாசலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாசலும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. அதன்பின் நடந்தவற்றைப் பார்க்கவும் பதிவு செய்யவும் உள்ளே வெளியார் மிகச் சிலரே எஞ்சினார்கள். இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. வல்லுநர் குழு கூறியது. தன் அமைப்பே கடமை தவறியதை 2012இல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வறிக்கை ஒப்புக்கொண்டது. அப்போது மக்கள் கேட்டது படையெடுப்பை அன்று. நீலக்கொடி அங்கேயே நிற்கட்டும் என்பதை மட்டுமே கேட்டார்கள். 1987இன் காயத்தைக் காட்டி 2009இன் மௌனத்தை நியாயப்படுத்த என்னால் முடியாது.

கேள்வி: அப்படியானால் சூடானில் இப்போது என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

பதில்: அங்கே அந்நியப் படை இறங்குவதை நான் கேட்கவில்லை. 2023 ஏப்ரல் 15 முதல் அரசு ராணுவமும் துரித ஆதரவுப் படை என்ற துணை ராணுவமும் மோதிவருகின்றன. இரு தரப்புக்கும் வெளிநாட்டு ஆயுதங்கள் போய்ச் சேருகின்றன. மேற்கு சூடானின் டார்ஃபூர் பகுதியிலுள்ள எல் ஃபாஷர் நகரைத் துரித ஆதரவுப் படை முற்றுகையிட்டிருப்பதை நிறுத்தும்படி பாதுகாப்பு அவை 2024 ஜூனில் கோரியது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 2025 அக்டோபரில் நகரம் விழுந்து, படுகொலைகள் நடந்தன. ஐ.நா.வின் ஆயுதத் தடையோ 2004இல் டார்ஃபூருக்காக விதிக்கப்பட்டது; நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு அது பொருந்தாது. கார்டூம் வழியாகவோ போர்ட் சூடான் வழியாகவோ வரும் ஆயுதத்தை அது தடுக்காது. அந்தத் தடையை நாடு முழுமைக்கும் விரிவாக்க வேண்டும். மீறி ஆயுதம் தரும் நாடு எவ்வளவு செல்வாக்குடையதாயினும் அதன் பெயரைப் பாதுகாப்பு அவையில் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு படைவீரர்கூட எல்லை தாண்ட வேண்டியதில்லை.