அயன் மேனாக நடித்தவரே டொக்டர் டூமாக வருவது சரியா?

கல்லடியில் இருக்கும் என் மருமகனும் இதைத்தான் கேட்டான்: "மாமா, செத்துப்போன டோனி ஸ்டார்க் எப்படி வில்லனாத் திரும்பி வாறார்?"

அயன் மேனான டோனி வரவில்லை, அவராக நடித்த நடிகர்தான் வருகிறார். 2024 ஜூலையில் சான் டியேகோ கொமிக்-கொன் ரசிகர் விழா மேடையில், பச்சை அங்கி போட்டவர்கள் நடுவே ஒருவர் முகமூடியைக் கழற்ற, அது றொபேட் டவுனி ஜூனியர். டூம் வேறு ஆள். லற்வேரியா என்ற கற்பனை நாட்டின் மன்னன், விஞ்ஞானமும் மந்திரமும் கைவந்தவன். மார்வெல் கொமிக்ஸுக்காக ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் 1962இல் படைத்தது.

ஒரே நடிகருக்கு இரண்டு மார்வெல் வேடம் முன்பும் நடந்ததுதான். 2005இல் 'ஃபன்டாஸ்டிக் ஃபோர்' படத்தில் ஜோனி ஸ்டோர்மாக வந்த கிறிஸ் எவன்ஸ், 2011இல் கப்டன் அமெரிக்காவானார்.

கூத்துப் பார்த்து வளர்ந்த மட்டக்களப்பாருக்கு இது உறுத்தாது. ஒரு கூத்தில் தருமராக ஆடியவர் இன்னொன்றில் துரியோதனனாக வருவார். கரப்புடுப்பு என்ற கூத்து உடை அசைய, சதங்கை குலுங்க, வரவுப் பாட்டுக்கு மத்தளம் அதிரும்போது களரியைச் சுற்றியிருக்கும் சனம் ஊர்க்காரரையா பார்க்கிறது? துரியோதனனைத்தான்.

என் பயம் வேறு. டூமின் பயங்கரமே அந்த இரும்பு முகமூடிதான். இவ்வளவு பெயர்பெற்ற முகத்தை வாங்கிவிட்டு மறைத்தே வைத்திருக்க எந்த ஸ்டூடியோவுக்கு மனம் வரும்? கழற்றிக் கழற்றிக் காட்டினால் பாத்திரம் செத்துவிடும். 2026 டிசம்பர் 18 என்று அறிவித்த 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படத்தில் நான் முதலில் கவனிக்கப்போவது அதைத்தான்.