டவர் இல்லாத இடத்திலும் நான் நிற்கும் இடத்தைச் செய்மதி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

செய்மதிக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. கணக்குப் போடுவது முழுக்க உங்கள் போன்தான்.

இதையே என் அம்மம்மாவும் கேட்டார். ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வயலில் கவரேஜ் துளியும் இல்லை, ஆனாலும் போனில் நீலப்புள்ளி சரியாக வந்து நின்றது. "மேல நிண்டு பாக்குதோ, வண்டு மாதிரி?" என்றார். யுத்த காலத்தில் வன்னி வானத்தில் சுற்றிய வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்றுதான் சொல்வோம். அந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடிய மனுசிக்கு இதைச் சரியாக விளக்கியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

"இல்லை அம்மம்மா, அது நேரம்தான் சொல்லுது" என்றேன். 6 மணிக்கு அடிக்கும் கோயில் மணி 3 செக்கன் பிந்திக் கேட்டால், கோயில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் போகும். எந்தத் திசை என்று தெரியாது. வேறு இரண்டு கோயில் மணிகளும் கேட்டால், மூன்று தூரமும் பொருந்துகிற இடம் ஒன்றுதான்.

ஜிபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தாம் எங்கே, நேரம் என்ன என்று ஓயாமல் அறிவிக்கின்றன. அந்த அலை ஒளியின் வேகத்தில் வருவதால், நேரம் ஒரு மைக்ரோசெக்கன் (செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) பிழைத்தாலே தூரம் 300 மீற்றர் பிழைக்கும். செய்மதியில் மிகத் துல்லியமான அணு மணிக்கூடு இருக்கிறது. போனில் இருப்பதோ சாதாரண மணிக்கூடு. அப்புறம் எப்படி? அதற்குத்தான் நான்காவது செய்மதி. அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், கூடவே போன் மணிக்கூட்டின் பிழை: தெரியாதவை நான்கு, சமன்பாடுகளும் நான்கு. தன் மணிக்கூடு எவ்வளவு பிழை என்பதையும் போன் அதே கணக்கில் கண்டுபிடித்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வேகமும் ஈர்ப்பும் நேரத்தின் ஓட்டத்தையே மாற்றும் என்கிற சார்பியல் விளைவால், மேலே உள்ள மணிக்கூடு நாளுக்கு 38 மைக்ரோசெக்கன் முந்தும், அதையும் திருத்தித்தான் வைத்திருக்கிறார்கள்.

டவர் இருந்தால் செய்மதிகளை விரைவாகப் பிடிக்கலாம். இல்லாவிட்டால் வெளியான இடத்தில் கொஞ்ச நேரம் பொறுத்து நில்லுங்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஒன்று கவனம்: போன் கண்டுபிடித்த இடத்தை, டேட்டா கிடைத்ததும் செயலிகள் வெளியே அனுப்பக்கூடும். அதைப் போனின் அமைப்புகளில் நிறுத்தலாம்.

காணி எல்லை பார்க்க மட்டும் போனை நம்பாதீர்கள். வெட்டையிலேயே சில மீற்றர் தள்ளிக் காட்டும், காட்டுக்குள் இன்னும் மோசம். நில அளவையாளர் கொண்டுவரும் கருவி சென்ரிமீற்றர் கணக்கில் அளக்கும்.